விதையைத் தொலைத்த வாழை

கல்யாண வீட்டு வாசலில் தாரும் பூவுமாக இரண்டு வாழையைக் கட்டுகிறோம். பெரியவர்கள் அட்சதை தூவி, 'வாழையடி வாழையாக வாழணும்' என்று வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்தில் விதை என்ற பேச்சே இல்லை என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. அவரைக்கும் பூசணிக்கும் பக்கத்து வீட்டில் விதை கேட்பவர்கள், வாழைக்கு மட்டும் 'ஒரு கன்று தோண்டிக் கொடுங்க' என்றுதான் கேட்பார்கள். உலகிலேயே மிக அதிகமாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. ஆனாலும் வாழை விதையைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. அந்த விதை எங்கே போயிற்று?

ஒரு பூவன் பழத்தைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். சதை மூன்று பிரிவாக இருக்கும். நடுவே சிறு கரும்புள்ளிகள் தெரியும். விதையாக வேண்டிய சூல்கள் அவை. வளராமல் பாதியிலேயே நின்றுவிட்டன. வடகிழக்கு மாநிலங்களின் காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இன்னும் வளரும் காட்டு வாழையின் பழத்தை நறுக்கினால் கத்தி இறங்காது. கல்போன்ற கருவிதைகள் உள்ளே நெருக்கியடித்துக் கிடக்கும், அவற்றைச் சுற்றிப் பெயருக்குக் கொஞ்சம் சதை இருக்கும். இரவில் வரும் வௌவால்கள் அதன் பூவில் தேன் குடித்து மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும். பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அந்தக் காட்டுப் பழத்திலிருந்து நம் சாப்பாட்டு இலையோரத்துப் பழம் வரை வந்த வழியில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. இரண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொள்வது நல்லது, பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலாவது, கருவுறாமலே கனிவது. விருந்தாளி வாசலுக்கு வந்த பிறகு உலை வைப்பது காட்டு வாழையின் வழக்கம். மகரந்தம் சேர்ந்து சூல் கருவுற்றால்தான் சதை பிடிக்கும். இல்லையென்றால் காய் சூம்பிவிடும். எங்கோ சில காட்டு வாழைகளில் மரபணு மாற்றம் ஒன்று தற்செயலாக நேர்ந்து, யாரும் வராமலே உலை கொதிக்கத் தொடங்கியது. மகரந்தம் சேராமலே காயில் சதை திரண்டது. இதைக் 'கன்னிக்கனிதல்' என்று சொல்லலாம். பல்லுக்குப் பயப்படாமல் தின்னக்கூடிய அந்தத் தாரைக் கண்டவர்கள், அதன் அடிக்கன்றைத் தோண்டிக் கொண்டுபோய்க் குடிசைக்குப் பக்கத்தில் நட்டார்கள்.

இரண்டாவது மாற்றம் குரோமோசோம் கணக்கில் நடந்தது. மரபணுக்களைச் சுமக்கும் இழைகளே குரோமோசோம்கள். காட்டு வாழையின் செல்லில் அவை 11 ஜோடி, மொத்தம் 22. தாய் வழியில் ஒரு தொகுதி, தந்தை வழியில் ஒரு தொகுதி. முட்டையோ மகரந்தமோ உண்டாகும்போது கோலாட்டத்தில் எதிரெதிராக நிற்பதுபோல ஒவ்வொரு ஜோடியும் எதிரெதிராக நின்று, பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரியும். எப்போதாவது இந்தப் பிரிவினை தவறி, முட்டை 22 இழைகளையும் அப்படியே வைத்துக்கொண்டுவிடும். அதனுடன் 11 இழைகள் உள்ள மகரந்தம் சேர்ந்தால் பிறக்கும் வாழையில் 33 இழைகள், அதாவது மூன்று தொகுதிகள் இருக்கும். இத்தகைய செடியை மும்மடியம் என்பார்கள். அது வாட்டசாட்டமாக வளரும், தாரும் பெரிதாக இருக்கும். ஆனால் கோலாட்டத்துக்கு நிற்கும்போது ஒவ்வொரு குழுவிலும் மூன்று பேர். இருவர் ஜோடி சேர்ந்தால் மூன்றாமவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவிப்பார். 11 குழுவிலும் அந்த மூன்றாமவர் ஒரே பக்கமாகப் போனால்தான் கணக்கு ஒழுங்காக அமையும். ஒரு நாணயத்தை 11 முறை சுண்டி எல்லா முறையும் ஒரே பக்கம் விழுவதற்கு ஒப்பானது இது. எளிய கணக்கில் 1,024 முறைக்கு ஒருமுறைதான் நடக்கும். விதை அற்றுப்போனதில் இந்தக் குளறுபடிக்குப் பெரும் பங்கு உண்டு. ஏலக்கி என்கிற நெய்ப்பூவனும் குமரி மாவட்டத்து மட்டியும் இரண்டு தொகுதி மட்டுமே உடைய வாழைகள். அவற்றிலும் விதை கிடையாது. விதை குறைந்த தாரையே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததும் இதற்குக் காரணம்.

இந்தப் பொறுக்கல் எப்போது தொடங்கியது என்று எப்படிச் சொல்வது? விதை கிடைத்தால் தொல்லியலாளர் காலம் கணிப்பார், இங்கோ விதையே இல்லை. விடை இலையில் கிடைத்தது. வாழை மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்கா இலைச் செல்களில் படிந்து, கண்ணுக்குத் தெரியாத கற்களாக மாறுகிறது. செடிக்கல் என்று வைத்துக்கொள்வோம். இலை மக்கிப் போனாலும் செடிக்கல் மக்காது. வாழையின் கல், வாய் திறந்த எரிமலைபோல ஒரு தனி வடிவம் கொண்டது. பப்புவா நியூகினி மலைநாட்டில் கூக் என்ற சதுப்பு நிலத்தை அகழ்ந்தபோது, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்ணடுக்கில் இந்தக் கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. காடு அழிந்து புல்வெளியாக மாறிய காலத்து அடுக்கு அது. புல்வெளியில் வாழை தானாக அவ்வளவு செழிக்காது. யாரோ நட்டிருக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த வாழை வகைகளில் பெரும்பாலானவை இரண்டு காட்டுத் தாவரங்களின் வழித்தோன்றல்கள் என்பது 1940களில்தான் தெளிவாயிற்று. மியூசா அக்யூமினேட்டா, மியூசா பால்பிசியானா என்பவை அவை. தாவரவியலாளர்கள் முதல் தொகுதியை ஏ என்றும் மற்றதைப் பி என்றும் குறிப்பார்கள். 1955இல் நார்மன் சிம்மண்ட்ஸ், கென்னத் ஷெப்பர்ட் என்ற இருவர், டி.என்.ஏ.வைப் படிக்கும் வசதி இல்லாத அந்தக் காலத்தில், கண்ணால் பார்த்தே ஒரு வாழையின் குலத்தைக் கண்டறிய வழி சொன்னார்கள். 15 அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 15 வந்தால் தூய ஏ, 75 வந்தால் தூய பி, நடுவே வந்தால் கலப்பு. பெண் பார்க்கப் போன இடத்தில் மூக்கையும் நெற்றியையும் பார்த்து 'இது அவங்க அப்பா வழி' என்று பாட்டிகள் சொல்வதன் ஒழுங்கான வடிவம் இது. நீங்களே செய்து பார்க்கலாம். கிராண்ட் நைன் வாழையின் இலைக்காம்பில் உள்ள பள்ளம் ஓரம் விரிந்து திறந்திருக்கும், அது ஏ வழி. மொந்தனிலும் கற்பூரவல்லியிலும் பி ஓங்கியிருப்பதால் அந்தப் பள்ளத்தின் விளிம்புகள் உள்ளே மடங்கி நெருங்கியிருக்கும். ஏ வழியில் பூவின் மடல் விரிந்ததும் மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும். பி வழியில் மடல் நிமிரும், சுருளாது. பின்னாளில் டி.என்.ஏ. ஆய்வு வந்தபோது இந்த இருவரின் கண் பெரும்பாலும் சரியாகவே பார்த்திருந்தது தெரிந்தது. செவ்வாழையும் கிராண்ட் நைனும் ஏஏஏ, பூவனும் ரஸ்தாளியும் நேந்திரனும் விருப்பாட்சியும் ஏஏபி, மொந்தனும் கற்பூரவல்லியும் ஏபிபி. பி சேரச் சேர வறட்சியைத் தாங்கும் திறம் பொதுவாகக் கூடுகிறது.

இனி விதை தொலைந்ததன் விலைக்கு வருவோம். விதையில் பிறக்கும் பிள்ளை பெற்றோரைப் போலிருந்தாலும் வேறொரு ஆள். அடிக்கன்று அப்படியில்லை. மண்ணுக்கடியில் உள்ள கிழங்கிலிருந்து பக்கவாட்டில் முளைக்கும் அதே செடி அது. திருவையாற்றுக் கொல்லையில் நிற்கும் ரஸ்தாளியும் உங்கள் வீட்டு ரஸ்தாளியும் எப்போதோ வாழ்ந்த ஒரே செடியின் நீட்சிகள். இடையில் சிறு மாற்றங்கள் நேரும். செவ்வாழையின் அடியில் அபூர்வமாகப் பச்சைத் தாரிடும் கன்று வருவது அத்தகையது. குட்டை கேவண்டிஷ், ரொபஸ்டா, கிராண்ட் நைன் ஆகியவையும் ஒரே வாழையில் இப்படி நேர்ந்த சிறு திரிபுகளே. ஆனால் நோயை எதிர்க்கும் அடிப்படை அமைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஒரு தெருவில் நூறு வீடு, நூறு வீட்டிலும் வெவ்வேறு திண்டுக்கல் பூட்டு என்று வைத்துக்கொள்வோம். திருடன் ஒரு பூட்டுக்குச் சாவி செய்தால் ஒரு வீடுதான் போகும். நூறு வீட்டிலும் ஒரே பூட்டு தொங்கினால்? 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மத்திய அமெரிக்காவில் நடந்தது அதுதான். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறிய பழம் அநேகமாக எல்லாமே குரோ மிஷேல் என்ற ஒரே வகை. தோல் தடிப்பு, தாராகவே கப்பலில் அடுக்கலாம், நசுங்காது. வணிகத்துக்கு வேறென்ன வேண்டும்? காட்டை வெட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் அதையே நட்டார்கள்.

திருடன் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை. வேர் வழியே நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைக்கும். அடியிலைகள் மஞ்சளாகி, காம்பொடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரியும். 1876இல் ஆஸ்திரேலியாவில் இதை முதலில் பதிவு செய்தார்கள், பெயரென்னவோ பனாமா வாடல் நோய் என்று நிலைத்துவிட்டது. இதன் தடித்த உறைபோட்ட வித்தணுக்கள் மண்ணில் பத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலும் காத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. வயலை மாதக்கணக்கில் தண்ணீரில் மூழ்கடித்துக்கூடப் பார்த்தார்கள். புதுக் காட்டை வெட்டிப் புதுத் தோட்டம் போட்டார்கள். நட எடுத்துப்போன கன்றோடும் அதில் ஒட்டிய மண்ணோடும் நோயும் கூடவே போயிற்று. 1960களுக்குள் ஏற்றுமதிச் சந்தையிலிருந்து குரோ மிஷேல் மறைந்தது.

அதன் இடத்தில் வந்தது கேவண்டிஷ். மொரீஷியஸிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், 1830களில் டெவன்ஷையர் பிரபுவின் கண்ணாடிக் குடிலில் வளர்க்கப்பட்டதால் அவரது குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய பூஞ்சைக்கு இது அசையவில்லை. அந்த அனுபவத்திலிருந்து உலகம் என்ன செய்தது? மறுபடியும் ஒரே வாழையைக் கண்ணுக்கெட்டிய தூரம் நட்டது. இன்று உலகில் விளையும் வாழையில் ஏறக்குறைய பாதி கேவண்டிஷ் கூட்டத்தைச் சேர்ந்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் திசு வாழை, ஜி-9 என்று சொல்லும் கிராண்ட் நைனும் அதுதான்.

தைவானில் கேவண்டிஷ் வாடத் தொடங்கியது 1960களின் இறுதியில். அதே பூஞ்சையின் வேறொரு பிரிவு, டி.ஆர்.4. 1990களில் மலேசியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா. 2013இல் ஜோர்டானிலும் மொசாம்பிக்கிலும், 2019இல் கொலம்பியாவில், 2021இல் பெருவில். இந்தியாவில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கால் வைத்துவிட்டது. இத்தனை நாடுகளிலும் பரவியது ஒரே பிரிவுதான் என்று எப்படித் தெரியும்? இரண்டு பூஞ்சை மாதிரிகளை ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வளர்ப்பார்கள். நெருங்கிய உறவென்றால் இழைகள் ஒட்டிக் கலக்கும், அயலென்றால் ஒதுங்கிக்கொள்ளும். பிறகு டி.என்.ஏ. வரிசையும் அதை உறுதி செய்தது. கேவண்டிஷ் ஒரே செடியின் நகல், அதைக் கொல்வதும் ஒரே பூஞ்சையின் நகல்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரே வயலில் ரஸ்தாளி வாடி நிற்க, அடுத்த பாத்தியில் பூவன் பசுமையாக நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. பழைய வாடல் நோய்ப் பிரிவு ரஸ்தாளியை வீழ்த்தும், பூவனிடம் அதற்குப் பெரிதாகப் பருப்பு வேகாது. அதற்காகப் பூவன் எல்லாம் வல்லது என்று சொல்லிவிட முடியாது. இலையில் கோடு கோடாகத் தெரியும் வைரஸ் நோய் அதை வாட்டுகிறது. ஒவ்வொரு வாழைக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம். நம்மிடம் இத்தனை வாழைகள் எஞ்சியிருப்பது எப்படி என்று யோசித்தால், சமையலறைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏற்றுமதி வியாபாரி வாழையிடம் ஒன்றே ஒன்று கேட்கிறார்: நசுங்காமல் தூரம் போகும் பழம். தமிழ் வீடு பத்து விதமாகக் கேட்கும். பொரியலுக்கும் பஜ்ஜிக்கும் மொந்தன் காய். சிப்ஸுக்கு நேந்திரன். பந்திக்குப் பூவன் இலை, கற்பூரவல்லி இலை. வெற்றிலைத் தட்டுக்குப் பூவன் பழம், வாய்க்கு ருசியாக ரஸ்தாளி. தண்டுக் கூட்டு, பூ வடை, பூத்தொடுக்க நார். வாழை உண்மையில் மரமே கிடையாது, ஒன்றையொன்று தழுவிய இலைமட்டைகளே தண்டாக நிற்கின்றன. மட்டை மட்டையாக உரித்து நார் கிழிக்க முடிவது அதனால்தான். பிலிப்பைன்ஸில் இதன் உறவான அபாகா வாழையைப் பழத்துக்காக வளர்ப்பதே இல்லை, நாருக்காகவே வளர்க்கிறார்கள். மணிலா கயிறும் தேநீர்ப் பைகளின் தாளும் அதன் தயவு. ஒரு செடியிடம் பல தேவைகளோடு போகும் சமூகத்தில் பல வகைகள் பிழைக்கின்றன. தேவை ஒன்றாகச் சுருங்கும்போது வகையும் ஒன்றாகச் சுருங்குகிறது. கல்யாண மண்டபத்தில் இலைக்குப் பதில் தாள்தட்டு வரும்போது நாம் மிச்சப்படுத்துவது கொஞ்சம் வேலையை. விட்டுக்கொடுப்பது இலைக்கென்றே வாழை வளர்க்க ஒரு விவசாயிக்கு இருந்த காரணத்தை.

பழனி பஞ்சாமிர்தத்தின் கதை இதற்குச் சாட்சி. அதற்கு உரியது மலையில் விளையும் விருப்பாட்சி. நீர்ச்சத்து குறைவு, கெட்டியான சதை, பிசைந்தால் சீக்கிரம் கெடாது. பழனி மலையின் சரிவுகளில் காப்பிக்கு நிழலாகவும் இந்த வாழை நின்றது. 1940களில் இலங்கை வழியாகக் கேரளத்துக்குள் வந்த முடிக்கொத்து நோய் அந்த மலைக்கும் ஏறியது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், தார் போடாது. நோயுற்ற கிழங்கிலிருந்து எடுத்த கன்றும் நோயோடுதான் வரும். வாழையடி வாழையாக வைரஸும் தொடர்ந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் பறிபோயின. அப்போதும் விருப்பாட்சியைத் தேடி வந்தவர்கள் இருந்ததால்தான் அதைக் காப்பாற்ற முயற்சி நடந்தது. குருத்தின் மிக நுண்ணிய நுனியில் வைரஸ் பெரும்பாலும் எட்டியிருக்காது. அந்த நுனியை வெட்டிக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, வைரஸ் உண்டா என்று சோதித்து, தூய கன்றுகளாக மீண்டும் மலைக்கு அனுப்பினார்கள். ஜி-9ஐ லட்சக்கணக்கில் பெருக்கிப் பரப்பிய அதே திசு வளர்ப்புதான் இங்கே ஓர் அரிய வகைக்கு உயிர் கொடுத்தது. 2008இல் விருப்பாட்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

நெல்லையும் சோளத்தையும் விதையாக உலர்த்திக் குளிர்பெட்டியில் வைக்கலாம். விதையற்ற வாழையை என்ன செய்வது? திருச்சியில் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் வயலில் உயிரோடு நட்டே நூற்றுக்கணக்கான வகைகளைப் பேணுகிறார்கள். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் 1,500க்கும் மேற்பட்ட வாழை மாதிரிகள் சோதனைக் குழாய்களில் சின்னஞ்சிறு கன்றுகளாக இருக்கின்றன. பலவற்றின் குருத்துநுனியைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்திருக்கிறார்கள். அந்தச் சேகரிப்பில் காட்டு வாழைகளும் உண்டு. தின்ன உதவாத அவற்றை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நெல்லின் அனுபவம் பதில் சொல்லும். 1970களில் புல்தழைக் குட்டை நோய் ஆசிய வயல்களைத் தாக்கியபோது, பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. உதவியது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல் மட்டுமே. வயலில் யாரும் பயிரிடாத நெல் அது.

வாழையிலும் காட்டு உறவே கைகொடுத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேல் குழுவினர், டி.ஆர்.4ஐத் தாங்கும் ஒரு காட்டு அக்யூமினேட்டாவிலிருந்து எடுத்த மரபணுவைக் கேவண்டிஷில் சேர்த்தார்கள். நோய்மண்ணில் ஆண்டுக்கணக்காக நட்டுச் சோதித்த பிறகு 2024இல் ஆஸ்திரேலிய அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. அந்த மரபணு கேவண்டிஷிலும் ஏற்கெனவே இருக்கிறது, அரைத்தூக்கத்தில். பெரிய சாதனைதான். ஆனாலும் எல்லாத் தோட்டத்திலும் இதையே நட்டால் மறுபடி நூறு வீட்டுக்கு ஒரே பூட்டு என்ற கவலை எனக்குப் போகவில்லை.

மரபணுவைச் சேர்க்காமல் பழைய முறையில் புது வாழை உண்டாக்குபவர்களும் இருக்கிறார்கள். ஹோண்டுராஸில் பல பத்தாண்டுகளாக இந்த வேலை நடந்தது. விடியற்காலையில் ஏணி வைத்து ஏறி, காட்டு வாழையின் மகரந்தத்தை ஒவ்வொரு பூவாகக் கையால் தடவுவார்கள். மூன்று நான்கு மாதம் காத்திருந்து தாரை வெட்டிப் பழுக்கவைத்து, மலைமலையாகக் குவிந்த பழத்தைத் தோலுரித்துப் பிசைந்து சல்லடையில் அலசுவார்கள். நூற்றுக்கணக்கான பழத்தைப் பிசைந்த பிறகு எப்போதாவது சல்லடைக் கம்பியில் ஒன்று தட்டும். கறுப்பாக, கல்போல. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ வாயிலிருந்து துப்பிய அதே விதை. அதைப் பத்திரமாக எடுத்துப் போவார்கள்.